கலாநிதிப் பட்டத்துக்கு ஐந்து வருடத் தேங்காய்

1

பெரிய படிப்புப் படித்தவர்களின் வரலாறுகளில் “மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார்” என்று ஒரு வரி வரும். கப்பலுக்குக் காசு யார் கொடுத்தது என்று இருக்காது. அந்த ஒரு வரிக்குள் புகுந்து பார்க்கும் ஆசையில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன்.

முதலில் எழுதியது: “1946ஆம் ஆண்டு, கற்பிட்டிக் கடலின் அலைகள்…”

அலைகளுக்கு இங்கே வேலை இல்லை. பிறகு: “றோசமேரி ஓர் ஏழை மீனவரின்…”

அது பொய். அவளுடைய அப்பா இன்னாசித்தம்பிக்குக் கரைவலையில் பங்கு இருந்தது. ஆலங்குடாவில் தென்னங்காணியும் இருந்தது. கையில் காசுதான் இல்லை.

சரி, நேரே சொல்கிறேன். ஆசிரியை றோசமேரிக்கு, கல்வியியலில் கலாநிதிப் பட்டம் செய்ய இலண்டனில் இடம் கிடைத்தது. காற்று மாறும் காலத்தில் கரை மீனவக் குடும்பங்கள் மறுகரைக்குப் போய், வாடி என்னும் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்கும். பிள்ளைகளும் கூடப் போவார்கள். திரும்பி வந்தால் வகுப்பில் அவர்களுக்கு “மக்குகள்” என்று பெயர். மக்கு பிள்ளைகளா, காற்றின் காலத்தோடு ஒத்துப்போகாத பள்ளிக்கூடத் தவணையா என்பதுதான் அவளுடைய ஆய்வு. அந்தப் பெயரை ஒரு காலத்தில் அவளும் சுமந்தவள்.

2

கொழும்பில், புலமைப்பரிசிலுக்கான நேர்முகத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “கலியாணம் கட்டினால் இந்தப் படிப்பை என்ன செய்வீர்கள்?” பரிசில் வேறொருவருக்குப் போயிற்று.

அடுத்து ஒரு மிஷன் சபை. காசு தருகிறோம் என்றார்கள், ஆனால் ஆய்வு தங்கள் பள்ளிகளின் வரலாறாக இருக்க வேண்டும். கையெழுத்திடப் பேனாவை எடுத்த றோசமேரி அதை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

(அந்தப் பஸ்ஸில் அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அழவில்லை. கிழித்துவிட்டேன்.)

3

“எனக்குச் சீதனமா வச்ச தென்னங்காணியை வித்துத் தாங்கோ அப்பா,” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

அம்மா பவுலினா அகப்பையோடு வெளியே வந்தாள். “காணி இல்லாதவளை ஆர் கட்டுவான்?”

இன்னாசித்தம்பி பவுலினாவின் பக்கம் திரும்பினார். “மரம் வச்சது பிள்ளைக்கு. மாப்பிள்ளைக்கில்ல,” என்றார். “ஆனா விக்க வேண்டாம். காயைக் குத்தகைக்குக் குடுப்பம்.”

கற்பிட்டியில் தேங்காயை உலர்த்திக் கொப்பரா வியாபாரம் நடத்தியவள் ஹவ்வா உம்மா. கணவர் மௌத்தான பிறகு சூளையையும் கணக்கையும் தானே பார்த்தாள்.

[இங்கேதான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் இவள் பெண்கல்வி பற்றி நீண்ட பிரசங்கம் செய்தாள். வாசிக்க நன்றாயிருந்தது, நம்பத்தான் முடியவில்லை. உண்மையில் அவள் பேரம் பேசினாள்.]

“ஏழு வருசத்துக் காய்,” என்றாள்.

“மூண்டு,” என்றார் இன்னாசித்தம்பி.

“அஞ்சு. அதுக்குக் கீழ இறங்கமாட்டன்.”

ஒவ்வொரு பறிப்புக்கும் அவ்வப்போது கொடுப்பதுதான் வழக்கம். ஹவ்வா உம்மா ஐந்து வருடக் காசு முழுவதையும் முன்கூட்டியே எடுத்து வைத்தாள். றோசமேரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்த உதவியை நான் ஒரு நாளும்…”

“உதவியா? ஆரு செல்லின? நான் யாவாரம் பண்றன் மகள். உதவி எண்டா நீ சீமைக்குப் போயும் என்னை நெனச்சு நெனச்சுக் கூசணும். யாவாரத்தில அந்தக் கரைச்சல் இல்ல. நீ படி. மரம் காய்க்காட்டி அது என்ட நசீபு, என்ட விதி.”

திரும்பும் வழியில் இன்னாசித்தம்பி சொன்னார்: “கெட்டிக்காரி. நன்றி சொல்லவும் விடேல்ல, பாத்தியா?”

“ஓம் அப்பா,” என்றாள் றோசமேரி. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

4

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கலாநிதி றோசமேரி திரும்பி வந்து வாடியிலேயே பள்ளிக்கூடம் நடத்துகிறாள். மற்றதில் குளிரும் நோயும் அவளைப் பாதியில் திருப்பி அனுப்புகின்றன. இரண்டையும் இங்கே சேர்க்கவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். கப்பல் கொழும்பை விட்டதும் அவள் மேல்தட்டில் உட்கார்ந்து ஆய்வேட்டின் முதல் தாளை எடுத்தாள். எல்லோரும் கடைசியில் எழுதும் நன்றியுரையை அவள் முதலில் எழுதினாள். அப்பாவின் பெயர், பயந்துகொண்டே பெட்டி கட்டிக் கொடுத்த அம்மாவின் பெயர், நன்றியே வேண்டாம் என்று சொன்ன அந்தக் கொப்பரா வியாபாரியின் பெயர்.

அதற்குப் பின்னால் வரவேண்டிய முந்நூறு பக்கமும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. பேனா இப்போது உங்களிடம்.