குனியாத கூம்புகள்

இன்று கணவரை எப்படி வீட்டோடு நிறுத்துவது என்று பிடியக்கா காலையிலிருந்தே வழி தேடிக்கொண்டிருந்தாள். அவரோ தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதே கிடையாது.

பீங்கான் ஆலையில் இருபது வருடம் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவள் என்பதால் ஊருக்கு அவள் பிடியக்கா. அவர் அதே ஆலையின் பெரிய சூளைக்குத் தீ போட்டவர். தீக்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அவர் எரித்த கடைசிச் சூளை ஆறுவதற்குள் ஆலைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. உள்ளே அடுக்கிய நாலாயிரம் கோப்பைகளும் செங்கல் வைத்து அடைத்த வாசலுக்குப் பின்னால் அப்படியே கிடந்தன. இப்போது ஆலை அருங்காட்சியகமாகிவிட்டது. இன்று பதினோரு மணிக்கு ஊரைக் கூட்டி அந்த வாசலைத் திறக்கிறார்கள்.

திறக்கப்போவது வேறு யாருமல்ல, இவர்கள் பெற்ற ஒரே மகள்தான். அவள்தான் அங்கே பொறுப்பாளர். சூளை வாசலில் ஒரு பலகையும் எழுதி மாட்டியிருக்கிறாள்: ‘பிசகே இல்லாத கடைசித் தீ.’ கீழே அப்பா பெயர், கண் தெரியாதவனுக்கும் தெரிகிற அளவில்.

எல்லாம் அந்த மனிதர் அளந்த கதை. சூளைக்குள் விரல் நீளக் களிமண் கூம்புகள் மூன்றை நிறுத்திவைத்து, சுவரில் உள்ள துளை வழியாகப் பார்ப்பார்கள். சூடு போதுமான அளவுக்கு ஏறினால் கூம்புகள் இளகித் தலை குனியும். கூம்பு தலை குனிந்தால்தான் தீக்காரர் தலை நிமிர்ந்து நடக்க முடியும். “மூணும் என்ன அழகா குனிஞ்சுது தெரியுமா!” என்று டீக்கடையில் இத்தனை வருடமாகச் சொல்லிவந்தார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். மகளும் நம்பினாள்.

நம்பாதவள் இவள் ஒருத்திதான். அன்று மத்தியானம், தீ உச்சத்தில் இருக்க வேண்டிய நேரத்தில், சூளைக்கு ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டவள் இவளே. ஆலையை மூடப்போகிறார்கள் என்று மற்ற ஆட்களெல்லாம் ஆபீஸ் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தனியாக நின்று கரி தள்ளிக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். இரண்டரை மணி நேரம் பார்க்க ஆளில்லாத தீ எப்படி ஏறும்? கைப்பிடி ஒட்டுகிறவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. தெரிந்தும் வாயைத் தைத்துக்கொண்டு இருந்தாள். சூளையை யாராவது திறப்பார்கள் என்று கனவா கண்டாள்?

“ஏங்க, எனக்குத் தலை சுத்துது. இன்னிக்கு வீட்லயே இருந்துடுவோமே.”

“தண்ணி குடிச்சிட்டுப் படு. நான் போயிட்டு வந்துடறேன்.”

படுப்பதாவது! அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஆலையில் மகளைத் தனியாக ஓரங்கட்டினாள். “மழை வரும்போல இருக்கு. இன்னொரு நாள் வெச்சுக்கக் கூடாதா?”

“சூளை கூரைக்குள்ள இருக்கும்மா. மழை வந்தா என்ன?” மகள் சிரித்தாள். “உனக்கு என்னம்மா ஆச்சு? அப்பாவைப் பாரு, எவ்வளவு தெம்பா இருக்காரு.”

அந்தத் தெம்புதான் பிடியக்காவைக் கொன்றது. முன்வரிசையில் பழைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சூளைக்குள் சரக்கு அடுக்கிய அடுக்குக்காரர், தன் கோப்பைகளைப் பார்க்கப் பேரன் பேத்தி சகிதம் வந்திருந்தார். ஐம்பது பேர் முன்னால் மானம் கப்பலேறப்போகிறது. கணவர் மானம் மட்டுமா, பலகை எழுதிய பிள்ளையின் மானமும் சேர்ந்து. மகள் முதல் செங்கல்லை உருவும்போது பிடியக்கா அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“நிஜமாவே மயக்கமா வருதுங்க. வாங்க, போயிடலாம்.”

அவர் குனிந்து அவள் காதோரம் சொன்னார். “அன்னிக்குக் கூப்பிட்டே, வந்தேன். இன்னிக்குக் கூப்பிடாத.”

பிடியக்கா கையை விட்டாள்.

ஆள் நுழைகிற அளவுக்கு வழி ஆனதும் மகள் டார்ச்சோடு உள்ளே போனாள். வெளியே வந்தபோது ஒரு கையில் சின்னத் தட்டு, மறு கையில் ஒரு கோப்பை. தட்டில் மூன்று கூம்புகளும் விறைப்பாக நின்றன. அடுக்குக்காரர் கோப்பையை வாங்கி விரலால் சுண்டினார். நன்றாக வெந்த கோப்பை மணிபோல ஒலிக்கும். இது டொக் என்றது.

“வேகவே இல்லையேப்பா இது!” என்றார். கூட்டம் சலசலத்தது.

தீக்காரர் எழுந்து மைக்கை வாங்கினார். குரல் நடுங்கவில்லை.

“கூம்பு குனியல. அன்னிக்கே துளை வழியா பாத்துட்டேன். குனிஞ்சுதுன்னு சொன்னது பொய். பாதியில தீயை விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து ஏத்தலாம்னு பாத்தா, இருந்த கரி பத்தல. மூடப்போற ஆலைக்கு எவன் கரி வாங்கிப் போடுவான்?”

“தீயை விட்டுட்டு எங்கய்யா போனே?” அடுக்குக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மூணு நாள் குனிஞ்சு குனிஞ்சு அடுக்கினேன்!”

தீக்காரர் மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மீதியைச் சொல்ல மாட்டார் என்று பிடியக்காவுக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் கூப்பிட்டேன்!” மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “திட்டணும்னா என்னைத் திட்டுங்க. பிள்ளை மதில்லேருந்து விழுந்துட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவர்தான் தூக்கிட்டு ஓடினாரு.”

அடுக்குக்காரர் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். மகள் தன் இடது முழங்கையைப் பார்த்தாள். ஆறு வயதில் ஒடிந்த கை அது. இன்றைக்கும் முழுசாக நீளாது.

“எனக்காகவாப்பா? இத்தனை வருஷமா ஏன் சொல்லவே இல்ல?”

“சொன்னா, கோப்பையை நீ கெடுத்த மாதிரி ஆயிடும்ல?” என்றார் அவர்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனாள். பையிலிருந்து மார்க்கரை எடுத்து ‘பிசகே இல்லாத’ என்பதை மட்டும் அடித்தாள். அப்பா பெயர் மேல் கை வைக்கவில்லை. கூம்புத் தட்டை அதன் கீழே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

பிடியக்காவுக்கு இப்போது உண்மையாகவே தலை சுற்றியது. சொல்லியும் பார்த்தாள். அப்பாவும் மகளும் நம்பவில்லை. ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.