மாமியாருக்கு ஒரு தனிக் குழாய்

திங்கட்கிழமை மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியாரை விட்டால் ஆளில்லை. ஆனால் போன தடவை வந்தவர் நாலே நாளில் கிளம்பிவிட்டார். "உங்க வீட்டு உப்புத் தண்ணில குளிச்சா முடி கயிறாயிடுது மாப்பிள்ளை, சீப்பே இறங்கல."

இந்தத் தடவை மாப்பிள்ளை முந்திக்கொண்டார். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் இயந்திரம் ஒன்றை மாட்டினார். ஷவரை அடைத்திருந்த வெள்ளைப் படிவை ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தார்.

சனிக்கிழமை வந்து இறங்கிய மாமியார் நேரே குளிக்கப் போனார். அரை மணி நேரமாயிற்று. ஆள் வெளியே வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மனைவி கதவைத் தட்டினாள். "அம்மா, உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறியா?"

"சோப்பு போகமாட்டேங்குதுடி! கழுவக் கழுவ வழுக்குது!"

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தத் தண்ணீருக்குப் பாதி சோப்பே அதிகம் என்பதையும், சோப்பு போன பிறகும் தோல் வழுவழுவென்றுதான் இருக்கும் என்பதையும் சொல்ல மறந்திருந்தார். அதற்குள் தொட்டி காலியாகி, குழாய் இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்தது.

மாமியார் தலையில் துண்டோடு வெளியே வந்தார்.

"என்ன தண்ணி மாப்பிள்ளை இது? விளக்கெண்ணெய்ல முங்கி எழுந்த மாதிரி இருக்கு."

"சோப்பு எப்பவோ போயிடுச்சு அத்தை. நல்ல தண்ணின்னா அப்படித்தான் இருக்கும்."

"குளிச்சா தோல் கீச்சுனு சத்தம் போடணும். அதான் குளியல்."

"முடி எப்படிம்மா இருக்கு?" என்றாள் மனைவி.

"முடி பட்டு மாதிரிதான் இருக்கு, யார் இல்லேன்னா? ஆனா இந்தக் கையோட புள்ளையத் தூக்கினா நழுவிடாது? நான் தொடமாட்டேன்பா."

சொன்னபடியே சாயங்காலம் வரை தொடவில்லை. மனைவி கணவனைப் பார்த்தாள். "பெரிய விஞ்ஞானி! திங்கட்கிழமை லீவு போட்டு நீங்களே பாத்துக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குழாய்க்காரர் வந்தார். ஷவருக்கு இயந்திரத் தண்ணீர். வாளிக் குழாய்க்கு மட்டும் தொட்டியிலிருந்து நேராகப் பழைய தண்ணீர். இதுதான் மாப்பிள்ளையின் திட்டம்.

"ஊர்ல எல்லாரும் உப்புத் தண்ணி வேண்டாம்னு என்னைக் கூப்பிடுவாங்க. உப்புத் தண்ணிக்குன்னு தனி லைன் கேக்கற முதல் ஆள் நீங்கதான் சார்."

"எங்க வீட்டு நிலைமை அப்படி. மாட்டுங்க."

மாமியார் தலையை ஷவரில் அலசினார், உடம்புக்கு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். பத்தே நிமிடத்தில் வெளியே வந்து, முழங்கையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். கீச்சென்றது.

"இப்ப கொடுடி என் பேரனை."

திங்கட்கிழமை காலை, கைப்பையோடு வாசலில் நின்ற மனைவிக்குக் கால் நகரவில்லை. பாட்டியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வேடிக்கை?" என்று அடிக்குரலில் அதட்டினார் மாமியார். "பஸ்ஸு உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? கிளம்பு."