மாரென் பெயர் போட்ட திருத்தம்

மாரென் ஷுல்ட்ஸ் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. உலகத்துச் சர்வர்களில் பாதியை ஓட்டும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில், வலையமைப்புப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பாளர். யார் திருத்தம் அனுப்பினாலும் வரிவரியாய் அலசிக் காயப்போட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். அடியில் 'படித்துப் பார்த்தவர்: மாரென்' என்று ஒரு வரி இருந்தால் போதும், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு வரிதான் அவளுடைய மானம் மரியாதை எல்லாம்.

ரோட்னி ஹாஸ்கெல் விஷயத்தில் மட்டும் மனசு இளகிவிட்டது. பெரிய சர்வர் கம்பெனியில் வேலை, அவளைப் போலவே போர்ட்லாந்துக்காரன். நன்றியறிதல் நாளில் அவள் வீட்டு வான்கோழியை வருஷா வருஷம் துண்டு போடுகிறவன் அவன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். வலையில் வரும் ஒவ்வொரு தகவல் பொட்டலமும் எந்த நிரலின் சாக்கெட்டுக்கு, அதாவது வாசலுக்கு, போகவேண்டும் என்று கெர்னல் கண்சிமிட்டும் நேரத்தில் தேடியாக வேண்டும். அதற்காகச் சாக்கெட்டுகளை ஏராளமான பெட்டிகளில் பிரித்துவைத்திருக்கும். எது எந்தப் பெட்டி என்று வெளியாள் ஊகிக்கக் கூடாது. ஆகவே ஒரு ரகசிய எண்ணைக் கலந்து கணக்குப் போடும். ரோட்னி அந்தக் கணக்கைச் சுருக்கியிருந்தான். தேடல் பறந்தது.

"இவ்வளவு சுருக்கினா ரகசியத்தை எவனாவது மோப்பம் பிடிச்சிடுவான்டா. எல்லாத்தையும் ஒரே பெட்டியில குவிச்சான்னா மெஷின் மூச்சுமுட்டிப் போயிடும்" என்றாள் மாரென்.

"எங்க லேப்ல மாசக்கணக்கா உடைச்சுப் பார்த்தாச்சு, ஒண்ணும் ஆகல. உன்கிட்டப் போய்ப் பொய் சொல்லுவேனா?"

அவள் தானே உடைத்துப் பார்க்கவில்லை. பெயரைப் போட்டுவிட்டாள்.

இந்த அக்டோபரில் யாரோ உடைத்துவிட்டார்கள். மெஷின்கள் மூச்சுமுட்டி, மலையோர மாவட்டம் ஒன்றின் அவசர அழைப்பு மையம் ஒரு மத்தியானம் முழுக்க ஊமையாய்க் கிடந்தது. நெஞ்சுவலியில் கூப்பிட்ட ஒருவருக்கு யாருமே பதில் சொல்லவில்லை. மனுஷர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மாரென் அழுதாள். அழுதுவிட்டு உட்கார்ந்து, வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று பலமான கணக்கைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இப்படிப்பட்ட ஓட்டைக்கு மருந்து தயாராகும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. சோதித்துச் சொல்ல ரோட்னிக்கு மட்டும் அனுப்பினாள்.

காபி ஆறுவதற்குள் பதில் வந்தது. 'கவலைப்படாதே, நன்றாக ஓடும். ஏப்ரலிலிருந்து எங்கள் சர்வர்களில் இதேதான் ஓடுகிறது.'

ஏப்ரலிலிருந்தா? ஓட்டை வெளியே தெரிந்ததே அக்டோபரில்தானே.

அன்றைக்கே அவனை வழக்கமான பீர்க் கடைக்கு வரச் சொன்னாள்.

"உடையும்னு ஏப்ரல்லயே தெரியுமா உனக்கு?"

ரோட்னி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்க பசங்க உடைச்சுட்டாங்க. எங்க சர்வர்ல மட்டும் சரிபண்ணிக்கிட்டோம். வெளிய சொன்னா, வேகம் வேகம்னு வித்தது என்னாகும்? வக்கீலுங்க வாயைத் திறக்காதேன்னுட்டாங்க."

"ஜூலை நாலு, சுதந்திர தினத்தன்னிக்கு என் வீட்டுத் தோட்டத்துல நின்னு கறி வாட்டினியே. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"அடப்பாவி! ஒரு ஆள் செத்திருக்கான்டா. ஊரே என் பேரைக் காறித் துப்பப் போகுது."

"உன் பேரு தாங்கும், மாரென். அதனாலதானே..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அதனாலதான் முதல்ல என்கிட்ட கொண்டுவந்தியா?"

இத்தனை வருஷப் பழக்கமும் அந்த மேஜைமேல் செத்துக் கிடந்தது.

"ஏப்ரல் விஷயத்தை மட்டும் எழுதிடாத, மாரென். என் வேலை போயிடும்" என்றான் கடைசியில். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் திருத்தம் உலகத்துக்கெல்லாம் போயிற்று. பழைய திருத்தத்தைத் தானே சோதிக்காமல் பெயர் போட்டதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டிருந்தாள். திட்டுகிறவர்கள் திட்டட்டும். திருத்தத்தைச் சோதித்துத் தந்தவருடைய பெயரை அடியில் மரியாதையாகப் போடுவது அங்கே வழக்கம். அவள் வழக்கத்தை மீறவில்லை.

'சோதித்தவர்: ரோட்னி ஹாஸ்கெல், ஏப்ரலிலிருந்து.'