நெருப்புக் கேட்டவர்

சேலைத் தலைப்பைப் பல்லிடுக்கில் திணித்துக்கொண்டு, சரஸ்வதி உயிரற்றுக் கிடந்த கணவனின் காலடியில் வேப்பிலையைப் பரப்பினாள். அம்மை கண்ட வீட்டில் அழக்கூடாது. துரைசாமியின் முகத்தில் கொப்புளங்கள் இன்னும் காயவில்லை.

"எரிச்சிடலாம்," என்றாள் கொழுந்தன் வடிவேலுவிடம். "அவரு அதத்தான் கேட்டாரு."

"அம்மை கண்டு போனவர எரிச்சா ஆத்தாவையே சுட்ட மாதிரி, அண்ணி."

"டாக்டர் சின்னம்மைதான்னாரு. எரிக்கலாம்னாரு."

"டாக்டருக்கு ஆத்தாவத் தெரியுமா?"

பக்கத்து அறை ரத்தினம்மா வாசலைத் தாண்டவில்லை. "ஜப்பான்காரன் வர்றதுக்கு முன்னாடி இந்தச் சந்துல இப்படித்தான் ஒருத்தர எரிச்சாங்க. பின்னாடியே அந்த வீட்டுல மூணு பொணம். சிங்கப்பூரப் பொணக்காடுன்னு ஊர்ல சும்மாவா சொல்றாங்க? உனக்கும் புள்ள இருக்கு லா."

சரஸ்வதி மூலையைப் பார்த்தாள். மகள் லட்சுமி சுருண்டு கிடந்தாள். காலையில்தான் அவள் கழுத்தில் இரண்டு முத்துகள் எழும்பியிருந்தன. சரஸ்வதி யாரிடமும் சொல்லவில்லை.

பழைய இடுகாடுகளைத் தோண்டுவது துரைசாமியின் வேலை. எலும்புகளை எடுத்துவிட்டு அங்கே அடுக்குவீடு கட்டுவார்கள். வீடு திரும்பினால் வெகுநேரம் கை கழுவுவார். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்: "என்னைய மண்ணுல போட்டுடாத சரசு. நாளைக்கு எவனாவது மண்வெட்டியோட வருவான். யாரு எவருன்னு தெரியாம வாரிப் போடுவான்."

"அதுக்கெல்லாம் இன்னும் எவ்வளவோ காலம் கெடக்கு. சாப்பிடுங்க," என்று சிரித்திருந்தாள்.

"என்ன சொல்றீங்க, அண்ணி?"

லட்சுமி தூக்கத்தில் கழுத்தைச் சொறிந்தாள்.

"புதைச்சிடுங்க," என்றாள் சரஸ்வதி.

குழி வெட்ட ஆள் போதவில்லை. வடிவேலு கதவுக்குப் பின்னாலிருந்த அண்ணனின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். பொழுது சாயத் திரும்பிவந்து, அதைப் பழைய இடத்திலேயே சாத்திவைத்தான்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, சந்து முனையில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. துரைசாமியை ஏற்றிப்போகும் அதே லாரி.

"அண்ணன் எடத்துல என்னையச் சேத்துக்கிட்டாங்க, அண்ணி." வடிவேலு தரையைப் பார்த்துச் சொன்னான். வேலையில்லாமல் நெடுநாள் இருந்தவன்.

மகளுக்கு விசிறிக்கொண்டிருந்த வேப்பங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, சரஸ்வதி மண்வெட்டியை எடுத்தாள். விளிம்பில் அன்றைய மண் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள்.

லாரி மறுபடி ஹாரன் அடித்தது.