ஜெபம் முடியும்வரை

மருத்துவமனை வார்டில் அண்ணன் ஜெபத்தை ஆரம்பித்தபோது தங்கை கைப்பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை. தையல் ஆலையிலிருந்து நேராக ஓடி வந்தவள். தோளெல்லாம் நூல் பிசிறு. கட்டிலில் அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சில்லை, விழுங்கவும் முடியவில்லை. மூக்கு வழியாகப் போட்ட குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். இனி வயிற்றில் துளை போட்டுத்தான் ஊட்ட வேண்டும்; இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய், நாக்கை நனைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதுவென்று மாலைக்குள் சொல்லும்படி டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணன் குழாய்க்கடை வைத்திருக்கிறார், சபையில் மூப்பர். தேவனிடம் ஞானம் கேட்பது எப்படி என்ற அவருடைய பிரசங்கம் பிரசித்தம். கேட்டவர்களுக்கு ஞானம் வந்ததாகத் தகவல் இல்லை, பசி வந்ததுண்டு. அம்மா யார் வீட்டில் இருப்பது என்ற தகராறில் தங்கையோடு நேர்ப்பேச்சு நின்றுபோனது. குடும்ப ஜெபம் மட்டும் நிற்கவில்லை. எனவே சொல்ல வேண்டியதையெல்லாம் இருவரும் கர்த்தர் மூலமாகவே சொல்லிக்கொண்டார்கள்.

"பரலோகப் பிதாவே, உயிரைக் கொடுத்தவர் நீர், எடுக்கிறவரும் நீர். அதை மறந்து அவசரப்படுகிற உம்முடைய மகளுக்கு ஞானத்தைத் தாரும்."

தங்கை மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆண்டவரே, எப்பவாவது வந்து தலையில கை வச்சுட்டுப் போறவங்களுக்கு, தினம் பீ மூத்திரம் அள்ளுறவ கஷ்டம் தெரியாது. அவங்களுக்கும் கொஞ்சம் ஞானம் குடுங்கப்பா. அம்மா குழாயப் பிடுங்குனதே பதில்தான்னு புரிய வைங்க."

"அது வெறும் நரம்புத் துடிப்பு என்று உணர்த்தும், கர்த்தாவே" என்று மூப்பர் குறுக்கிட்டார். ஜெபத்தில் குறுக்கிடக்கூடாது என்று சபையில் சட்டம் போட்டவரும் அவரே.

"அப்ப அம்மா கண்ணுல தண்ணி வந்ததும் துடிப்புதானா, ஆண்டவரே?"

பக்கத்துக் கட்டில்காரியின் கணவர் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டுக் கவனித்தார்.

நர்ஸ் வந்தாள். "ஐயா, டாக்டர் கெளம்புறாரு. என்ன முடிவு பண்ணீங்க?"

மூப்பர் கண்ணைத் திறக்கவில்லை. குரலை உயர்த்தி, தேசத்து அதிகாரிகளுக்காகவும் தூரத்துத் தீவுகளில் ஊழியம் செய்பவர்களுக்காகவும் மன்றாடத் தொடங்கினார். தங்கைக்குப் புரிந்துவிட்டது: முதலில் கண் திறப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவளும் இமைகளை இறுக்கிக்கொண்டாள். துளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாளை அம்மாவின் வாய் பசியில் திறந்தால்? அண்ணனுக்கு அவள் அத்தனை ஞானம் கேட்டதே, அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லட்டும் என்றுதான்.

தீவுகள் தீர்ந்துபோயின. கொஞ்ச நேரம் மூப்பரின் உதடு மட்டும் அசைந்தது. பிறகு கடையில் பேசுகிற குரலில், "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா" என்றார். "நெசமாவே தெரியல. சொல்லுங்களேன்."

மேலேயிருந்து வந்தது மின்விசிறியின் கடகடப்பு.

"அண்ணே" என்றாள் தங்கை. "நீயே சொல்லிடுண்ணே."

"நீதானம்மா கூடவே இருந்த. நீ சொல்லு."

"என்னால முடியாது."

நர்ஸ் காலை மாற்றி நின்றாள். ஆரஞ்சுக்காரர், பொறுமை போயோ இரக்கப்பட்டோ, அவர்களுக்காக உரக்க "ஆமென்" என்றார். இருவரும் அசையவில்லை. மூடிக் கிடந்த அந்த இரண்டு முகங்களையும் அம்மா மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.