இரண்டு சீற் கார்

சனி பிடிக்க ஏழரை நாட்டான்தான் வரவேண்டும் என்றில்லை, நாலு சில்லிலும் வரும். காப்புறுதிக் கம்பனியில் பெரிய உத்தியோகம் பார்த்த தில்லைநாதனுக்கு அது ஐம்பத்து மூன்றாவது வயதில் மாளிகாவத்தையில், ஸாலிஹ் ஹாஜியாரின் கோழிக்கூட்டுக்குள் இருந்து வந்தது. ஐம்பத்திரண்டாம் ஆண்டு எம்.ஜி. கார், இரண்டே சீற். சிவப்புப் பூச்சு இருந்த இடமெல்லாம் கோழி எச்சம்.

"கொண்டு போங்க ஐயா. கோழிகளுக்குத்தான் வேற ஊடு பாக்கோணும்," என்றார் ஸாலிஹ்.

கார் வெள்ளவத்தை வீட்டுக் கராஜுக்கு வந்தது. அது மனைவி கௌரிக்குச் சீதனமாகக் கிடைத்த வீடு. வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயரில், கரண்ட் பில்லும் அவள் பெயரில். தில்லைநாதன் அதை மறந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத மனுஷன் காரைக் குளிப்பாட்டினார், துடைத்தார், அதோடு கதைத்தார். எஞ்சின் மட்டும் வாய் திறக்கவில்லை. மூன்று பட்டறைக்காரர் வந்து பார்த்துக் கைவிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கௌரியின் அக்கா மகன் நாகேந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தான். முப்பத்தொரு வயது. மனைவி கனடாவில், விசா வரும்வரை இங்கே தங்கவேண்டும். சண்டைக்காலத்தில் பெற்றோலைக் கண்ணாலும் காணாத ஊரில், காபரேற்றருக்குள் இரண்டு சொட்டு விட்டு உசுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டிய கெட்டிக்காரன். பொனற்றைத் திறந்ததும் சிரித்தான்.

"இது எங்கட மொறிஸ் எஞ்சின்தான் சித்தப்பா. சட்டைதான் வேற."

அந்த நாளில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், சோறு போட முதல் பொலிசில் பெயர் போட வேண்டும். வீட்டில் இருக்கிற எல்லார் பெயரும் எழுதி வீட்டுக்காரர் கையெழுத்து வைத்த பத்திரத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். கௌரி கையெழுத்து வைத்து, பத்திரத்தைக் கணவனிடம் கொடுத்துவிட்டாள். பாதி வழியில் அவர் மூளை வேலை செய்தது. வடக்கிலிருந்து ஆள் வந்திருக்கிறான் என்றால் பொலிஸ் வீடு பார்க்க வரும், கராஜைத் திறக்கும். காரின் பதிவுப் புத்தகமோ இன்னும் ஸாலிஹின் வாப்பா பெயரில். அவர் மௌத்தாகிப் பதினெட்டு வருடம். காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? வேலை முடியட்டும், பிறகு பதியலாம் என்று திரும்பி வந்து, பத்திரத்தை நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"பதிஞ்சாச்சோ சித்தப்பா?"

"ஓம் தம்பி. முத்திரை குத்தின பத்திரம் பிறகு தருவினமாம். நீ யோசியாமல் வேலையைப் பார்."

பெடியன் நம்பினான். சொந்தச் சித்தப்பாவை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

நாலு மாதம் வேலை நடந்தது. கடைசியாக ஒரு கேஸ்கற் மட்டும் பாக்கி. அதை வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனவனைப் பகல் பதினொரு மணிக்குப் பொலிஸ் ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். கௌரி சந்தைக்குப் போயிருந்தாள். தில்லைநாதன் லீவு போட்டுவிட்டுக் காருக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேயா கவுத?" என்றார் பொலிஸ் அதிகாரி. இவன் யார் என்ற கேள்வி.

"சித்தப்பா," என்றான் நாகேந்திரம் மெல்ல.

தில்லைநாதன் அவனைப் பார்த்தார், திறந்து கிடந்த கராஜைப் பார்த்தார்.

"பாஸ் கெனெக், சேர்," என்றார். மெக்கானிக் ஒருவன் என்று அர்த்தம். கார் திருத்த வருகிறவன், எங்கே தங்குகிறான் என்று தெரியாது என்பதையும் நல்ல சிங்களத்தில் சொன்னார்.

நாகேந்திரம் கையிலிருந்த கேஸ்கற்றை நீட்டினான். "இதை வைச்சுப் பூட்டுங்கோ. ஓடும்." பாவி மனுஷன் கையை நீட்டி வாங்கினார். ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போனது.

எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு பிறிஜெற் மதிலோரம் நின்று கேட்டாள். கௌரி வந்ததும் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். கௌரி நேரே போய் லாச்சியைத் திறந்தாள். மடிப்புக் கலையாமல் பத்திரம் கிடந்தது.

அவள் சண்டை பிடிக்கவில்லை. அது தில்லைநாதனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அடுத்த நாள் புதுப் பத்திரம் நிரப்பி, தானே பொலிசுக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவித்து வந்து கதவுக்குப் பின்னால் ஒட்டினாள். அவர் அதை வாசிக்கவில்லை. வருஷக்கணக்காக அந்த இடத்தில் இப்படி ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது, யார் வாசிப்பது? நாகேந்திரத்தைத் தெற்கே ஒரு மறியல் சிறைக்கு மாற்றினார்கள். கனடா விசாக் கடிதம் வந்து மேசையில் கிடந்தது.

கார் ஓடியது. ஒரு ஞாயிறு காலை தொப்பி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"வாருமன் கௌரி, ஒரு சுத்துப் போட்டு வருவம்."

"நீங்கள் போங்கோ."

பம்பலப்பிட்டியில் மறித்தார்கள். புத்தகம் கேட்டார்கள், அவரிடம் இல்லை. அடையாள அட்டையிலோ பருத்தித்துறை விலாசம்; மாற்ற அவருக்கு இருபது வருடமாக நேரம் கிடைக்கவில்லை. என் வீடு வெள்ளவத்தையில், மனைவியைக் கேளுங்கள் என்று அதட்டினார். காரை அங்கேயே விட்டுவிட்டு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

அதிகாரி கதவுக்குப் பின்னால் இருந்த பத்திரத்தை வாசித்தார். இரண்டே பெயர்: கௌரி, நாகேந்திரம்.

"மேயா கவுத?"

"கௌரி," என்றார் தில்லைநாதன் மெல்ல.

அவள் அவரைக் கால் முதல் தொப்பி வரை பார்த்தாள்.

"பாஸ் கெனெக், சேர். கார் திருத்த வாறவர். எங்க இருக்கிறாரெண்டு தெரியாது."

மதிலுக்கு அந்தப் பக்கம் பிறிஜெற் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவளும் வாய் திறக்கவில்லை.