கதவுக்கு வெளியே இராசமலர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வல்வெட்டித்துறையில் எங்கள் பக்கத்து வீட்டு இராசமலர் அக்கா தந்தது. "எழுது. ஆனால் அவரை விசரன் எண்டு மட்டும் எழுதிப்போடாதை" என்றார். அவர் என்றால் கணவர் தம்பிஐயா. நாற்பது வருடம் கடலோடியவர், இப்போது நான்கு வருடமாக அல்சைமர்.

2

முதல் வரி: மூளையின் இரத்தக் குழாய்களில் போர் மூண்டபோது தம்பிஐயா

(நிறுத்திவிட்டேன். இந்த ஊரில் இருந்துகொண்டு போரை உவமையாக்க எனக்கு வெட்கமில்லையா?)

டொக்டர் ஆரணி அக்காவுக்குச் சொன்னதையே எழுதுகிறேன்.

"கிருமியளைப் பிடிக்க உடம்பிலை காவல் கலங்கள், அதுதான் செல்லுகள், இருக்கு அன்ரி. சிலவேளை அதுகள் மூளையின்ரை இரத்தக் குழாய்ச் சுவரிலை ஒட்டி, சுவர் புண்பட்டுக் கசியத் தொடங்கும். மறதிக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாமெண்டு ஆராய்ச்சியிலை சொல்லினம்."

"காவலுக்கு நிண்டதுகள் ஏன் பிள்ளை இப்பிடிச் செய்யுதுகள்?"

"முழுக்கத் தெரியாது அன்ரி. வீட்டாளையும் வெளியாளையும் பிரிச்சறியாமல் நிக்குதுகள் போலை."

(ஆரணியின் பேச்சைக் கொஞ்சம் நான் செதுக்கினேன். மன்னிக்கவும்.)

3

போன செவ்வாய், அக்கா மீன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது கதவு உள்ளே பூட்டியிருந்தது.

"இஞ்சேருங்கோ, நான்தான். திறவுங்கோ."

யன்னலில் தம்பிஐயா. "ஆர் நீங்கள்? மனுசி சந்தைக்குப் போட்டா. அவ இல்லாத நேரம் பொம்பிளையளை உள்ளை விடமாட்டன். பிழையா நினையாதேங்கோ."

ஆண்கள் கடலில் இருக்கும்போது வேற்றாண் வாசல்படி ஏறக்கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். நாற்பது வருடம் அக்கா அதைக் காத்தார். இப்போது தம்பிஐயா காக்கிறார். அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

4

முடிவு அ: கதவை உடைக்கிறோம். (எழுதிப் பார்த்தேன். மனிதர் நடுங்கிப்போனார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: குரலை அடையாளம் கண்டு திறக்கிறார். (ஆசை எனக்கும்தான். ஆனால் பொய்.)

நடந்தது இதுதான்.

"அப்ப உங்கடை மனுசி வருமட்டும் இதிலை இருக்கட்டோ?"

"ஓம், இருங்கோ. அவ நல்லவ, வந்தவுடனை தேத்தண்ணி தருவா." கம்பிகளுக்குள்ளால் ஒரு கிளாஸ் தண்ணீரும் நீட்டினார். அக்கா வாங்கிக் குடித்தார். வெயில் ஏறிக்கொண்டே போனது. தம்பிஐயா தெருவையே பார்த்தார், நிலைகொள்ளவில்லை.

"இவ்வளவு நேரம் அவ பிந்திறேல்லை. வாற வழியிலை என்ரை மனுசியைக் கண்டனீங்களோ?"

அக்கா என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அந்த யன்னலடியில் நீங்கள் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? சொல்லுங்கள், அவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.